காட்டுப்பாக்கத்து அடுப்புகள்

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், போரூரையும் ஐயப்பன்தாங்கலையும் கடந்து, குமணன்சாவடியை எட்டும் முன்னர் அமைந்துள்ள ஊர் காட்டுப்பாக்கம். பெயரில் காடு உண்டு. கண்ணுக்கெட்டிய தொலைவில் இன்று கட்டடங்களே உண்டு. பாக்கம் என்பது தொண்டை நாட்டில் ஊர்ப்பெயர்களின் ஈறாக வழங்கும் பழஞ்சொல். நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், செம்பரம்பாக்கம் என்னும் வரிசையில் இதுவும் ஒன்று. சாலையின் நடுவே மெட்ரோ இரயிலுக்கான தூண்கள் உயர்ந்து, காட்டுப்பாக்கம் என்ற பெயரிலேயே ஒரு நிலையமும் எழுப்பப்பட்டுள்ளது. சாலையை விட்டு உள்ளே திரும்பினால் அடுக்குமாடிக் குடியிருப்புகள். அவற்றின் இடையே, ஒரே வளாகத்தில் மூன்று நான்கு குடும்பங்கள் வாழும் வாடகைப் பகுதிகள். ஆங்காங்கே எஞ்சி நிற்கும் ஓட்டு வீடுகள்.

ஊர் காணச் செல்வோர் கோட்டையையும் கோபுரத்தையும் தேடுவது வழக்கம். இந்த ஊரிலோ, காண வேண்டியவை இதன் சமையற்கட்டுகளே என்று தோன்றுகிறது. தேநீர்க் கடையின் முன்னே நிற்கும் 19 கிலோ நீல நிற உருளை; வீட்டினுள்ளே 14.2 கிலோ சிவப்பு நிற உருளை. கூலி வேலைக்கு வந்து ஓர் அறையில் தங்கும் இளைஞர்களிடம் 5 கிலோ சிறு உருளை. விசேஷ வீட்டுச் சமையலுக்குக் கொல்லைப்புறத்தில் மூன்று கல் வைத்து மூட்டிய விறகடுப்பு. சென்ற நூறாண்டின் அடுப்பு வரலாறு முழுவதும் இந்த ஒரு சாலையோரத்தில் பக்கம் பக்கமாக நிற்கிறது. ஒரு குடும்பம் தன் பழைய அடுப்பை மாற்ற எண்ணும்போது உண்மையில் எவ்வளவு செலவாகிறது, அதை யார் செலுத்துகிறார்கள் என்ற கேள்விக்கு விடை தேட இதைவிடத் தக்க இடம் வேண்டுமா?

விறகிலிருந்து வாயுவுக்கு

நம் பாட்டிமார் காலத்தில் சென்னையிலும் சுற்றூர்களிலும் தெருவுக்கொரு விறகுத் தொட்டி இருந்தது. சவுக்கு விறகை எடைபோட்டு விற்பார்கள். வசதி குறைந்தோர் மரத்தூள் அடுப்பிலும், வறட்டியிலும், கரி போட்ட கும்மட்டி அடுப்பிலும் சமைத்தனர். அதன்பின் மண்ணெண்ணெய் வந்தது. பம்ப் ஸ்டவ்வும் திரி ஸ்டவ்வும் வந்தன. நியாய விலைக் கடையின் மண்ணெண்ணெய் வரிசை, ஒரு தலைமுறை முழுவதும் மறக்க இயலாத காட்சியாயிற்று.

திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய வாயு 1950களில் பம்பாய்ப் பக்கம் வீடுகளுக்கு விற்பனைக்கு வந்தது. இந்தியன் ஆயில் நிறுவனம் தன் முதல் இண்டேன் இணைப்பைக் கல்கத்தாவில் 1965இல் வழங்கியது. சென்னைக்கு வடக்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. எனினும் 1970களிலும் 1980களிலும் எரிவாயு இணைப்பு என்பது எளிதில் கைகூடும் பொருளாக இல்லை. பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் பல. இணைப்பு வந்த நாளில் அக்கம்பக்கத்தார் வந்து அந்த நீலச் சுடரைப் பார்த்துச் சென்றதும் உண்டு.

இன்று நிலைமை வேறு. 2007ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் வழங்கத் தொடங்கியது. 2016 மே முதல் நாள், உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் மைய அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கப்பட்டு, வைப்புத் தொகையில்லாத இணைப்புகள் ஏழைப் பெண்களின் பெயரில் நாடெங்கும் கொடுக்கப்பட்டன. அடுப்பு வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் அடுப்பு வருவது வேறு. அது நாள்தோறும் எரிவது வேறு. இந்த வேறுபாட்டில்தான் நம் கேள்வியின் முடிச்சு இருக்கிறது.

பழைய அடுப்பை மாற்றினால்

பதினைந்து இருபது ஆண்டுகள் உழைத்த எரிவாயு அடுப்பு ஒன்றை எண்ணிப் பாருங்கள். பர்னரின் துளைகள் அடைபட்டுள்ளன. நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிகிறது. பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கிறது. திருகு தளர்ந்து, அணைத்த பின்னும் இலேசாக வாடை வருகிறது. பழுது பார்ப்பவரை அழைத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு தொகை. புதியது வாங்கலாமா என்ற பேச்சு எழும். ‘இன்னும் ஓராண்டு ஓட்டலாம்’ என்ற முடிவோடு பேச்சு அடங்கும்.

கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம். வீட்டு எரிவாயு அடுப்புக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 4246. அடுப்பு தான் எரிக்கும் வெப்பத்தில் குறைந்தது 68 விழுக்காட்டைப் பாத்திரத்துக்குள் சேர்க்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பர்னர் தேய்ந்து, துளை அடைபட்ட ஓர் அடுப்பு 58 விழுக்காடுதான் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குடும்பத்துக்கு ஓர் உருளை நாற்பது நாள் வருகிறது. ஆண்டுக்கு ஒன்பது உருளை. சென்னையில் 14.2 கிலோ உருளையின் விலை 2025 ஏப்ரலில் 868 ரூபாய் 50 காசு ஆயிற்று. அந்த விலைக்கு ஆண்டுச் செலவு 7,816 ரூபாய் 50 காசு. 58க்கும் 68க்கும் உள்ள வேறுபாட்டால் அதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு, அதாவது 1,150 ரூபாய் அளவு, பாத்திரத்தைச் சேராமல் வீணாகிறது. முத்திரை பெற்ற இரண்டு பர்னர் அடுப்பு ஒன்றை மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கினால், அந்தப் பணம் இரண்டரை ஆண்டு கழிந்த சில வாரங்களில் திரும்பிவிடும்.

இன்னொரு வகையிலும் பாருங்கள். பத்தாண்டில் அந்த அடுப்பு உண்ணும் எரிவாயுவின் விலை, மேற்சொன்ன விலையிலேயே, 78,000 ரூபாயைத் தாண்டுகிறது. அதன் முன்னே அடுப்பின் விலை மிகச் சிறியது. விலையைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியது கடையில் இருக்கும் அடுப்பை அன்று. வீட்டில் இருக்கும் அடுப்பையே.

அடுப்போடு சேர்ந்த சில்லறைச் செலவுகளையும் மறத்தலாகாது. இரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதன்மேல் அச்சிட்ட ஆண்டைப் பார்த்தால் தெரியும். புதிய இணைப்புக்கான வைப்புத் தொகை 2022 ஜூனில் உருளைக்கு 1,450 ரூபாயிலிருந்து 2,200 ரூபாயாகவும், ரெகுலேட்டருக்கு 150 ரூபாயிலிருந்து 250 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. உருளையின் கழுத்துப் பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்களும் இருக்கும். ஏ என்றால் சனவரி முதல் மார்ச்சு வரை. பி, சி, டி அடுத்தடுத்த காலாண்டுகள். எண் ஆண்டைக் குறிக்கும். அந்தக் காலம் கடந்த உருளை மறுசோதனைக்குரியது. அதை வாங்காமல் திருப்பி அனுப்ப நமக்கு உரிமை உண்டு.

குளிர்நாட்டு உலை

நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று கனடாவில் வாழ்கின்றனர். அவர்களுக்கும் இதே கவலை வேறு வடிவில் வருகிறது. அங்கே வீட்டின் கீழ்த்தளத்தில் பர்னஸ் என்னும் எரிவாயு உலை ஒன்று இருந்து, வீடு முழுவதற்கும் சூடான காற்றை அனுப்புகிறது. பதினைந்து இருபது ஆண்டுகளில் அது தளர்ந்துவிடும். மாற்றுவதற்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். பழங்கால உலைகள் வாயுவின் வெப்பத்தில் 60, 65 விழுக்காட்டையே வீட்டுக்குத் தந்து, எஞ்சியதைப் புகைபோக்கி வழியே வெளியேற்றின. புதிதாக விற்கும் உலைகள் 95 விழுக்காடாவது தர வேண்டும் என்று கனடா 2019இல் விதித்தது.

தொகை வேறு, தட்பவெப்பம் வேறு. ஆயினும் கணக்கு ஒன்றே. வாங்கும் விலை ஒருமுறை கண்ணில் படுகிறது. எரியும் விலை மாதந்தோறும் சிறு சிறு துளியாகக் கசிகிறது. பழுதான உலை கார்பன் மோனாக்சைடு என்னும் நிறமும் மணமுமற்ற நச்சு வாயுவை வீட்டுக்குள் விடக்கூடும் என்பதால், அங்கே அதற்கென எச்சரிக்கை மணி பொருத்துகிறார்கள். நம் பக்கத்து அடுக்குமாடிகளில் காற்றோட்டமற்ற குளியலறையில் எரிவாயு வெந்நீர்க் கருவியைப் பொருத்துவோரும் இந்த ஆபத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தக் கருவியின் இடம் குளியலறைக்கு வெளியேதான்.

போரூரில் எண்ணிய புகை

காட்டுப்பாக்கத்துக்கு அருகே, இதே சாலையில் கிழக்குப் புறமாக, போரூர் ஸ்ரீ இராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனம் இருக்கிறது. மருத்துவமனை என்ற அளவிலே நம்மில் பலர் அதை அறிவர். சமையல் புகையை அளந்து ஆராய்வதில் உலகம் மதிக்கும் நிலையங்களுள் அது ஒன்று என்பதைச் சிலரே அறிவர். டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் தமிழகத்துச் சிற்றூர்களின் சமையற்கட்டுகளில் பல ஆண்டுகளாக இந்தப் பணியைச் செய்து வருகின்றனர். இந்தத் துறையின் முன்னோடியான அமெரிக்க அறிஞர் கர்க் ஸ்மித், 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் அடுப்பின் முன் அமர்ந்த பெண்கள் உள்ளிழுக்கும் புகையை அளந்தவர், 2020இல் மறைந்தார்.

குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில், கருவுற்ற பெண்கள் ஏறக்குறைய 3,200 பேரைக் கொண்டு பெரிய ஆராய்ச்சி ஒன்று நடந்தது. இந்தியாவில் அதற்குரிய களங்கள் நம் கள்ளக்குறிச்சியும் நாகப்பட்டினமும். அதை நடத்தியவர்கள் இந்தப் போரூர்க் குழுவினர். பெண்களில் பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும், பதினெட்டு மாதத்துக்கு வேண்டிய எரிவாயுவும் இலவசமாக வீட்டுக்கே கொண்டு தரப்பட்டன. மற்றப் பாதிப் பேர் வழக்கம்போல் விறகில் சமைத்தனர்.

கண்ட முடிவுகள் இரண்டு. இரண்டையும் மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். முதலாவது, எரிவாயு பெற்ற பெண்கள் விறகடுப்பை ஏறக்குறைய முற்றாகவே கைவிட்டனர். அவர்கள் சுவாசித்த நுண்துகளின் நடுவளவு கன மீட்டருக்கு 24 மைக்ரோகிராம். விறகில் சமைத்தோருக்கு அது 70.7. இரண்டாவது, இத்தனை குறைந்தும், பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2022இல் வெளியான இந்த முடிவைத் தொடர்ந்து, குழந்தைகளின் கடும் நிமோனியாவிலும் தெளிவான குறைவு இல்லை என்று 2024இல் அறிவிக்கப்பட்டது. அடுப்பை மாற்றியதும் நோயெல்லாம் ஓடிவிடும் என்று யாரும் வாக்களிக்க இயலாது. அந்தப் பெண்கள் ஆராய்ச்சியில் சேரும்போதே கருவுற்றுப் பல வாரங்கள் கடந்திருந்தன. அதற்கு முன் பல ஆண்டுகள் புகையை உட்கொண்டவர்கள். ஆயினும் வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் 32 இலட்சம் மக்கள் உயிரிழந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்திருப்பதையும் இதனுடன் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம் கேள்விக்கு இந்த ஆராய்ச்சி தரும் பாடம் வேறொன்று. பெண்கள் விறகை விட மறுப்பது பழக்கத்தால் என்றும், விறகில் வெந்த சோற்றின் ருசியால் என்றும் காலங்காலமாகப் பேசி வந்தோம். எரிவாயு தடையின்றி வீடு தேடி வந்தபோது அவர்கள் விறகை விட்டுவிட்டார்கள். தடையாக நின்றது பெரும்பாலும் ருசி அன்று. இரண்டாவது உருளையின் விலை.

சென்னையில் அந்த விலை 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசாக உயர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைந்தது. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியது. நாட்டின் தேவையில் பாதிக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருவதால், வளைகுடாவில் விலை அசைந்தால் காட்டுப்பாக்கத்து அடுப்பும் அசைகிறது. உஜ்வலா குடும்பங்களுக்கு 2022 மே முதல் உருளைக்கு 200 ரூபாயும், 2023 அக்டோபரில் 300 ரூபாயுமாக மானியம் அளிக்கப்பட்டதும் இந்தத் தடையை உணர்ந்ததனால்தான்.

வாடகை வீட்டின் அடுப்பு

காட்டுப்பாக்கத்தில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. மருத்துவமனை, தொழிற்சாலை, கட்டட வேலை, மென்பொருள் அலுவலகம் என்று பிழைப்புத் தேடி வந்து, வாடகைக்குக் குடியிருப்போர் இங்கு மிகுதி. சொந்த அடுப்பைத் தூக்கிக்கொண்டு வீடு மாறலாம். சன்னலைத் தூக்கிக்கொண்டு மாற முடியாது. சமையற்கட்டுக்குப் புகைபோக்கியோ காற்றுப்போக்கு விசிறியோ வைக்க வேண்டியவர் வீட்டுக்காரர். அதனால் பயன் பெறுபவர் குடித்தனக்காரர். செலவு ஒருவருக்கு, சுவாசம் மற்றொருவருக்கு என்று பிரிந்து நிற்பதால் வேலை நடப்பதில்லை.

முகவரிச் சான்று இல்லாமையால் இணைப்புப் பெற முடியாத தொழிலாளர்களுக்கு, அடையாள அட்டை ஒன்றையே காட்டிப் பெறக்கூடிய 5 கிலோ உருளை ஒரு வழி. இந்தியன் ஆயில் நிறுவனம் அதற்கு 2020இல் ‘சோட்டு’ என்று பெயரிட்டது. மானியமில்லாத விலையில் விற்பதால், கிலோ கணக்கில் அது பெரிய உருளையைவிட விலை மிகுந்தது. ஏழை, சிறிதாக வாங்குவதாலேயே அதிகம் கொடுக்கிறான் என்ற பழைய உண்மை அரிசிக்கு மட்டுமன்று, அடுப்புக்கும் பொருந்துகிறது. அந்த விலைக்கும் அஞ்சி, பெரிய உருளையிலிருந்து சிறிய உருளைக்குத் திருட்டுத்தனமாக வாயுவை நிரப்பித் தருவோரிடம் செல்வது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

குழாய் வழி வாயு

சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் குழாய் வழியே இயற்கை எரிவாயு வழங்கும் உரிமை 2018இல் அளிக்கப்பட்டது. எண்ணூர்த் துறைமுகத்தில் திரவ இயற்கை வாயு முனையம் 2019இல் தொடங்கப்பட்டது. அதன்பின் நகரப் புறத்துச் சாலைகளில் மஞ்சள் நிறக் குழாய்கள் புதைக்கப்பட்டு வருவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இணைப்பு பெறும் வீட்டில் உருளை இல்லை, பதிவு இல்லை, மாடிப்படியில் சுமை இல்லை. மின்சாரம்போல் எரித்த அளவுக்கு மீட்டர் பார்த்துக் கட்டணம்.

இந்த மாற்றத்துக்குப் புதிய அடுப்பு வாங்க வேண்டுமா என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. பெரும்பாலும் வேண்டுவதில்லை. ஒரே அளவு கனத்தில் இயற்கை வாயுவின் வெப்பம் உருளை வாயுவினதைவிடக் குறைவு. ஆகவே அடுப்பினுள் வாயு வெளிவரும் ஜெட் என்னும் சிறு துளையைப் பெரியதாக மாற்றினால் போதும். அதை நிறுவனத்தின் பணியாளரே செய்ய வேண்டும். அடுப்பே தேய்ந்து போயிருந்தால், அதற்குச் செலவு செய்யாமல் அந்த நேரத்திலேயே புதியது வாங்குவது அறிவுடைமை. இங்கும் வாடகை வீட்டார் வீட்டுக்காரரின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்துக. உருளை வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் படியும். இயற்கை வாயு இலேசானது, மேலே எழும். முன்னதற்குக் கதவும் தாழ்ந்த காற்றுவழியும், பின்னதற்கு உயரத்தில் திறப்பும் வேண்டும். எதுவாயினும் வாடை வந்தால் மின் சுவிட்சைத் தொடாமல், தீக்குச்சி கிழிக்காமல், வாயுவை அடைத்துக் கதவு சன்னல்களைத் திறந்து வெளியேறுங்கள். உருளை வாயுக் கசிவுக்கு அழைக்க வேண்டிய எண் 1906.

கணக்கின் முடிவு

வீட்டில் அடுப்பை மாற்றுவது பற்றிய பேச்சு எழும்போது, கடைக்காரர் சொல்லும் விலையை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதாதீர்கள். பழைய அடுப்பு ஆண்டுதோறும் வீணாக்கும் எரிவாயுவையும், பழுதுபார்த்த கூலியையும் மறுபக்கத்தில் எழுதுங்கள். காசாக எழுத முடியாத ஒன்றையும் அதன் கீழே குறித்துக்கொள்ளுங்கள்: அந்தச் சுடரின் முன் நாளில் மூன்று நான்கு மணி நேரம் நிற்பவர் யார்? வீட்டின் மற்ற எந்தப் பொருளைவிடவும் அடுப்பின் குறைக்கு முதலில் விலை கொடுப்பவர் தாயே. தொலைக்காட்சியும் கைப்பேசியும் பழுதாகு முன்னரே மாற்றப்படும் வீட்டில், பர்னர் மட்டும் மஞ்சளாக எரிந்துகொண்டே இருப்பது முறையன்று.

பிறருக்கு உதவ விரும்புவோருக்கும் ஒரு சொல். ஏழைக் குடும்பத்துக்கு அடுப்பு வாங்கித் தந்து படம் எடுத்துக்கொள்வது எளிது. அந்த அடுப்பு மூலையில் உறங்க, கொல்லையில் விறகு எரிவதையும் நாம் காண்கிறோம். பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு வந்த பெண்ணுக்கும், மூச்சிரைப்பால் வருந்தும் முதியவருக்கும் ஆறு மாத உருளைக்கான தொகையை ஏற்றுக்கொள்வது, புதிய அடுப்பைவிடப் பெரிய கொடை. வீடு வாடகைக்கு விடுவோர் சமையற்கட்டில் ஒரு சன்னலைத் திறந்து வைத்தால், அதுவும் கொடையே.

காட்டுப்பாக்கம் தன் பெயரிலுள்ள காட்டை என்றோ இழந்துவிட்டது. அந்தக் காட்டின் புகை மட்டும் எந்த வீட்டுச் சமையற்கட்டிலும் எஞ்சியிருக்க வேண்டுவதில்லை.